சாமியை மதுரைக்கு அனுப்பினேன்

மணி என்ன, தம்பி?

இப்போதுதான் கேட்டேனா? இருக்கட்டும். இன்னொரு தடவை சொன்னால் உங்கள் கடிகாரம் தேய்ந்தா போய்விடும்?

ஒன்று பத்து. சரி.

இந்த டிரைவரைப் பாருங்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறான். பன்னிரண்டரைக்கு ஏறினேன். ஒரு மணி நேரப் பாதை. இன்னும் பாதிதான் வந்திருக்கிறோம்.

நான் பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் 'ஐயாவுக்கு எந்த ஊர்' என்று ஆரம்பித்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். இன்றைக்கு நானே ஆரம்பித்திருக்கிறேன். வாயை மூடினால் கண் உங்கள் கடிகாரத்துக்கே போகிறது. பாருங்கள். அதனால் பேசுகிறேன். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா 'ம்' போடுங்கள், போதும்.

மதுரைக்குத்தான். பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரிக்குத்தான் முடியவில்லை. இல்லை, அவள் மதுரையில் இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாள். மதுரையில் ஒரு சாமியார் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவரைத் தேடி நான் போகிறேன்.

புரியவில்லையா? புரியாதுதான். நெற்றியில் திருநீறு வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நாங்கள் வேதக்காரர்கள். ஆர்.சி. கிறிஸ்தவர்கள். என் பேர் ராயப்பன். கரண்ட் ஆபீஸில் லைன்மேன். முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறினேன். எங்களில் ஒரு வழக்கம். ஆள் ரொம்ப முடியாமல் கிடந்தால் சாமியார் வந்து எண்ணெய் பூசுவார். நெற்றியில், உள்ளங்கையில். இப்போது 'நோயில் பூசுதல்' என்று பதமாகச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு அவஸ்தை என்று பேர். 'அவஸ்தை கொடுத்தாச்சா' என்று ஊரில் ஒருத்தன் கேட்டால் என்ன அர்த்தம் தெரியுமா? சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சா என்று அர்த்தம்.

எங்கள் அப்பாவுக்குப் பூசினார்கள். சாமியார் செருப்பை மாட்டுவதற்குள் முடிந்துபோனது. அம்மாவுக்குப் பூசினார்கள். விளக்கு வைக்கிற நேரம் தாண்டவில்லை. அண்ணன் சந்தியாகு எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததுமே கண்ணைச் செருகிவிட்டான். மூன்று பேருக்குப் பூசி மூன்று பேரும் போனார்கள். ஃபியூஸ் போடப் போட வெடித்தால் கோளாறு எங்கே என்று பார்க்க மாட்டோமா?

இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள். இருதயமேரி. அதுதான் அவள் பேர். "சாமி வந்ததால யாரும் சாகலைங்க. உங்க வீட்ல சாகற நேரம் வரைக்கும் சாமியக் கூப்பிடறதே இல்ல" என்பாள். வாய். கட்டி வந்த நாளிலிருந்து அந்த வாய்தான்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஆண்டவர்தான், தம்பி. குழாயில் தண்ணீர் வந்தால் 'ஆண்டவரே நன்றி'. தோசை பிய்யாமல் எழுந்தால் 'ஆண்டவரே நன்றி'. மழையில் நனைந்து, கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டுவிட்டு நான் வீட்டுக்கு வருவேன். தெருவே வெளிச்சமாக இருக்கும். இவள் வாசலில் நின்று 'ஆண்டவரே நன்றி' என்பாள். கரண்ட் கொடுத்தவன் எதிரில் ஈரச் சட்டையோடு நிற்கிறேன்! "எனக்கு?" என்று கேட்டால், "அதைத்தான் சொல்றேன்" என்பாள். என்ன பதில் இது?

மணி என்ன? ஒன்று பதினைந்தா. ம்.

மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். மூச்சு இழுக்கிறது. பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. நானும் அவளும்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். எங்கள் தெருவில் செலின் டீச்சர் என்று ஒரு அம்மா. வீடு வீடாகக் கூடி ஜெபம் சொல்கிற கூட்டத்துக்கு அதுதான் தலைவி. மூக்கில் வியர்த்துவிடும் அதற்கு. முதல் நாளே வந்து நின்றது. கஞ்சி கொண்டு வருகிறது, உடம்பு துடைத்து விடுகிறது, என்னிடம் ஒரு தூக்குவாளியை நீட்டி "சாப்பிடுங்கண்ணே, சாப்பிடுங்கண்ணே" என்று உயிரை எடுக்கிறது. நேற்று மெதுவாகக் கேட்டது: "சின்னச் சாமிகிட்ட சொல்லட்டுமாண்ணே? ஒரு பூசுதல்..."

"வாயை மூடு" என்றேன்.

அழுதுகொண்டே போனது. இன்றைக்குக் காலையில் மறுபடி தூக்குவாளியோடு வந்து நிற்கிறது. ரோஷம் கிடையாது.

கேளுங்கள். இன்றைக்கு மாதத்தின் முதல் வெள்ளி. முதல் வெள்ளிக்கிழமை எங்கள் சாமியார் எழுந்து நடக்க முடியாத நோயாளிகளைத் தேடிப் போய் நன்மை கொடுப்பார். பார்க்க ஒரு சின்ன அப்பம்தான், எங்களுக்கு அது ஆண்டவரே. பெரிய சாமியார் சென்னையில் இருக்கிறார். ஊரில் இருப்பது சின்னச் சாமி ஒருத்தர்தான். ஃபாதர் அமலதாஸ். முப்பது வயது இருக்கும். ஊதினால் பறந்துவிடுவார். காலை எட்டு மணி. நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வருகிறார். கழுத்தில் நன்மைச் சிமிழ். கையில் சின்னதாக ஒரு கறுப்புப் பை, எண்ணெய்ச் சிமிழ் வைக்கிற பை.

அந்தப் பையைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் கை வைத்தவன் நான். கூட வேலை பார்த்தவன் கம்பத்திலேயே கருகித் தொங்கியதை இறக்கியவன். அப்போதெல்லாம் ஓர் அடி பின்னால் வைத்ததில்லை. ஒரு ஜாண் பைக்கு வைத்தேன்.

"ஐயா, அம்மா எந்தக் கட்டில்ல இருக்காங்க?" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க சாமி" என்றேன்.

"ஐயோ, எப்ப?"

"இப்பத்தான். ஆம்புலன்ஸ்ல. நான் துணிமணி எடுத்துட்டுப் போகணும்."

"மதுரைல எங்க?"

"பெரியாஸ்பத்திரி."

சாமியாரிடம் பொய். கழுத்தில் ஆண்டவரைச் சுமந்துகொண்டு நிற்கிற ஆளிடம். பதினைந்து அடி தூரத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவள் படுத்திருக்கிறாள். இருமினால் இங்கே கேட்கும். இருமிவிடாதே, இருமிவிடாதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என் தோளில் கை வைத்தார். "பயப்படாதீங்க ஐயா. நான் பாத்துக்கறேன்" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

'பாத்துக்கறேன்' என்றால் என்ன? வீட்டில் முழங்கால் போட்டு ரெண்டு ஜெபம் சொல்வார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

உள்ளே போனேன். அவள் கேட்டாள்: "இன்னிக்கு முதல் வெள்ளி. சாமி வரலையா?"

"வரல."

"வராம இருக்க மாட்டாரே. எந்தக் கட்டில்னு தெரியாம அலையறாரோ என்னமோ. வாசல்ல போய் நில்லுங்களேன்."

போய் நின்றேன், தம்பி. என்ன செய்வது? வர மாட்டார் என்று எனக்குத் தெரியும், நானே அனுப்பிய ஆள். ஆனாலும் அரைமணி நேரம் வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனால் "இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க" என்கிறாள். மறுபடி போய் நின்றேன். நாலு தடவை. நாலாவது தடவை திரும்பி வந்தபோது அவள் என் முகத்தையே பார்த்தாள். தெரிந்துகொண்டாளா, இல்லையா, இன்னமும் எனக்குத் தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள். மூச்சு விட முடியாதவள் கேட்கிற கேள்வியா அது?

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தது. சின்னப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மதுரைக்குக் கொண்டு போகிற நிலைமையில இல்ல, பெரியவரே. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றது.

சொந்தக்காரர்கள். யார் இருக்கிறார்கள்? எல்லாருக்கும் எண்ணெய் பூசியாகிவிட்டது.

கட்டிலுக்கு வந்தேன். அவள் கேட்டாள். சத்தம் இல்லை, உதடுதான் அசைந்தது: "சாமிக்குச் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

கும்பிட்டு. என்னை. நாற்பத்து நாலு வருஷத்தில் எனக்கு முன்னால் அவள் கை கூப்பியதே கிடையாது.

வெளியே ஓடிவந்து, சாமியார் தங்குகிற கோயில் வீட்டுக்கு போன் அடித்தேன். சமையல்கார அம்மா எடுத்தது. "சாமி இல்லையே. காலையிலயே மதுரைக்குப் போயிட்டாரு."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்க வீட்டம்மாவப் பாக்கத்தான்! பாக்கி வீடுங்களை எல்லாம் வேக வேகமா முடிச்சுட்டு ஒன்பதரை பஸ்ஸைப் பிடிச்சாரு. போனைக்கூட மேசைல மறந்துட்டுப் போயிட்டாரு. அதுலதான் நான் பேசறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் "அவ இங்கதான் இருக்கா! இங்கதான்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

நினைத்துப் பாருங்கள். அந்த ஆஸ்பத்திரி எத்தனை மாடி, எத்தனை வார்டு. அங்கே அந்த மனுஷன் 'இருதயமேரி, இருதயமேரி' என்று கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறார். இல்லாத ஒருத்தியைத் தேடி. ஒரு தடவை கேட்டு, 'இல்லை' என்றால் திரும்பி வர வேண்டியதுதானே? பிழைக்கத் தெரியாத ஆள். பக்கத்து ஊர்ச் சாமியாருக்கும் அடித்துப் பார்த்தேன். தியானத்துக்குப் போய்விட்டாராம், ஒரு வாரம். ஆகவே பஸ் ஏறினேன்.

செலினிடம் என்ன சொல்வேன்? நான் செய்த காரியத்தைச் சொல்லவா முடியும்? "சீக்கிரம் வந்துடறேன், பாத்துக்க" என்றேன். எங்கே என்றுகூடக் கேட்காமல் தலையாட்டியது. எதிர்வீட்டு ஆட்டோக்காரன் ஒருத்தன், சரியான ரவுடி. பஸ் கிளம்பிவிட்டது. அவன் ஆட்டோவைக் குறுக்கே விட்டு நிறுத்தி, டிரைவரிடம் கெட்ட வார்த்தை வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னாலிருந்து தூக்கி ஏற்றிவிட்டான். அப்புறம் நீங்கள். ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். சரி, அதெல்லாம் மனுஷர்கள் செய்வது. ஆண்டவர் எனக்காக ஒரு துரும்பை அசைத்தாரா என்று கேட்கிறேன். காலையிலிருந்து கேட்கிறேன். ஒரு பதிலும் இல்லை.

ஜெபமா? நானா? கோயிலில் எல்லாரும் சொல்லும்போது வாயசைப்பேன். அவ்வளவுதான். இப்போது ஏறியதிலிருந்து ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வருகிறேன். 'பொய் சொன்னது நான். என்னை அடி. அவளை விடு. அந்த ஆளை என் கண்ணில் காட்டு.' இதுவா ஜெபம்? இது கெஞ்சல். ஜெபமெல்லாம் அவளுக்குத்தான் வரும்.

உண்மையைச் சொல்லட்டுமா? நீங்கள் மதுரையில் இறங்கிப் போய்விடுவீர்கள், இனி உங்களைப் பார்க்கப் போவதில்லை. எண்ணெய்க்கு நான் பயப்படவில்லை. எண்ணெயால் ஆள் சாகாது என்று எனக்கும் தெரியும். அவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள். அதைப் பூசிவிட்டால் அவளுக்கு இங்கே வேறு வேலை இல்லை. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகமாகப் போய்விடுவாள். அவளுக்குப் பயமே கிடையாது. அந்தப் பக்கம் அவளுக்கு ஆள் இருக்கிறது, தம்பி. எனக்கு இந்தப் பக்கம் அவள் மட்டும்தான்.

ஏன் வண்டி நிற்கிறது?

கேட் போட்டுவிட்டானா! போச்சு. ரயில் எப்போது வந்து, எப்போது கேட்டைத் தூக்கி... இறங்கி நடந்துவிடலாமா? எவ்வளவு தூரம் இருக்கும்? பன்னிரண்டு கிலோமீட்டரா.

ஐயோ.

போன் அடிக்கிறது. என் போன்தான். யார் என்று பாருங்கள். கண்ணாடி இல்லை. செலினா? நீங்களே எடுங்கள். எனக்குக் கை வரவில்லை. எடுங்கள் தம்பி! என்ன செய்தி என்று நீங்களே கேட்டு, உங்கள் வாயால்... வேண்டாம், கொடுங்கள். இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகக் கேட்கிற மாதிரி ஏதோ அமுக்குவீர்களே, அதை அமுக்குங்கள்.

சொல்லும்மா. செலின். இருக்காளா?

இருக்காள். இருக்காள், தம்பி. இருக்காள்.

என்ன? யார் வந்துட்டார்? சாமியா? அங்கேயா?

வந்துவிட்டாராம்! யார் போனையோ வாங்கிக் கோயில் வீட்டுக்குப் பேசியிருக்கிறார். நான் கத்தியதைச் சமையல்காரம்மா சொல்லியிருக்கிறது. உடனே திரும்பி பஸ் ஏறிவிட்டாராம். எதிரே எத்தனை பஸ் போனது, ஏதோ ஒன்றில் இருந்திருக்கிறார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

சாமி, நான் ராயப்பன் பேசறேன். பொய் சொல்லிட்டேன் சாமி. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.

என்ன சொல்கிறார் கேட்டீர்களா? மூன்றாவது மாடியில் யாரோ ஒரு அம்மாவாம். ஆறு நாளாக, ஒரு சாமியார் வர மாட்டாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம். இவரைப் பார்த்ததும் "வந்துட்டீங்களா"ன்னு கேட்டதாம். "நீங்க அனுப்பாட்டி நான் போயிருக்க மாட்டேன் ஐயா" என்கிறார். இந்த மனுஷனுக்குக் கோபமே வராதா? யாரோ ஒரு கிழவி, அதற்கு நான் என்ன செய்ய? சாமி, அதை விடுங்க. இவளுக்குப் பூசுங்க. சீக்கிரம்.

என்ன? ஏன்?

மாட்டேன் என்கிறாளாம். நான் வந்தால்தான் பூசிக்கொள்வேன் என்கிறாளாம். காலையிலிருந்து அதற்காகத்தானே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், இப்போது அவர் வந்து நிற்கும்போது...

கிட்டக் கொண்டு போங்க சாமி போனை. அவ காதுகிட்ட.

இருதயம்.

நான்தான். கேக்குதா? நான் ரொம்பத் தூரத்துல மாட்டிக்கிட்டேன். ரயில்வே கேட். நான் வர ஒரு மணி நேரம் ஆகும். எனக்காக நிக்காதே. பூசிக்கோ.

என்ன சொன்னாள்? உங்களுக்குக் கேட்டதா, தம்பி? பயமாயிருக்கா என்று கேட்கிறாளா? என்னையா?

ஆமா. ஆமா, பயமாத்தான் இருக்கு. காலையில இருந்து. அதனாலதான் சாமிய அனுப்பினேன். நீ போயிடுவேன்னு...

...

"எனக்குந்தான்" என்கிறாள்.

கேட்டீர்களா? "எனக்குந்தாங்க. அதான் நீங்க வேணும்ங்கறேன்." அவளுக்கும் பயமாம். இவளுக்கு. நாற்பத்து நாலு வருஷம், தோசைக்கும் தண்ணிக்கும் நன்றி சொன்னவளுக்கு. எனக்குத் தெரியாதே. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே.

இருதயம், கேளு. போனை வைக்கமாட்டேன். நீயும் வைக்காதே. சாமி பூசட்டும். நான் இங்க இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். நான் இருக்கேன். பூசுங்க சாமி. நான்தானே சொல்றேன், பூசுங்க.

சத்தம் போடாதீர்கள் பின்னால்! யாரும் பேசாதீர்கள். கொஞ்ச நேரம்தான்.

ஆரம்பித்துவிட்டார். நெற்றியில்... 

ஐயோ, ரயில். இப்போதா வர வேண்டும்? ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பெட்டி? கூட்ஸ் வண்டியா? காதோடு வையுங்கள் போனை, இன்னும் கிட்டே. பூசிவிட்டாரா? அவள் என்ன செய்கிறாள்? ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சாமியார் செருப்பு மாட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. ஒன்றும் கேட்கவில்லையே தம்பி. என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டவரே. ஆண்டவரே. ஆண்டவரே.

போய்விட்டது.

உஸ்ஸ்.

சாமியார் குரல். நிறுத்திவிட்டார். எதற்கோ காத்திருக்கிறார்.

மூச்சு. அது அவள் மூச்சுதான். எனக்குத் தெரியாதா?

சொல்லிவிட்டாள். "ஆமென்" என்று சொன்னாள், கேட்டதா? இன்னமும் சாமியார் காத்திருக்கிறார். யாருக்கு? எனக்கா?

கொஞ்சம் நகருங்கள். எழுந்து நின்று சொல்ல வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது. கண்டக்டர், விசில் ஊதாதே. கேட் திறந்தது தெரியும். பின்னால் ஹார்ன் அடிக்கிறான், அடிக்கட்டும். ஒரே ஒரு வார்த்தைதான்.

ஆமென்.

கேட்டுதா, இருதயம்?